பார்வையாளனும் வாக்காளனும்

மனிதன் தன்னைப் பாதிக்காத ஒன்றிற்காகப் பெரும்பொழுதைச் செலவிடுகிறான். தன்னைப் பாதிக்கும் ஒன்றிற்காகச் சிறுபொழுதையேனும் செலவிடத் தயங்குகிறான். இம்முரண்பாடு புதியதன்று. ஆயினும் மக்களாட்சி நிலவும் நாடுகளில் இது ஓர் அறவியற் பிரச்சினையாகவே உருவெடுக்கின்றது. வாக்குரிமை பெற்ற ஒருவன் அதனைப் பயன்படுத்தாது வீட்டில் இருந்துவிடுவானாயின், அவன் யாருக்கேனும் தீங்கிழைத்தவன் ஆகின்றானா? அன்றி, அது அவனது சொந்த விருப்பத்தின்பாற்பட்டதா? ஐக்கிய அமெரிக்காவின் மாநில அரசியலை, அதிலும் சிறப்பாக வேர்ஜீனியா மாநிலத்தின் அரசியலை உதாரணமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு நூலகத்தில் எழுந்ததன்று; ஒரு விளையாட்டு மைதானத்தில் எழுந்தது. ஆதலால் அங்கிருந்தே தொடங்குதல் பொருந்தும்.

2023 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மாமாவின் மகளது திருமணத்திற்காக அம்மாவுடன் வேர்ஜீனியாவிற்குச் சென்றிருந்தேன். மாமா 1984 இல் பொறியியல் படிப்பதற்காக யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றவர். அங்கேயே தொழில்பெற்று, குடியுரிமையும் பெற்று, விமானந்தாங்கிக் கப்பல்கள் கட்டப்படும் நியூபோர்ட் நியூஸ் நகரிலே நிலைத்துவிட்டவர். திருமணம் முடிந்த மறுவாரம், பேஸ்போல் ஆட்டமொன்றைக் காட்டுவதற்காக என்னை அயல்நகராகிய நோர்போக்கிற்கு அழைத்துச் சென்றார். இரு நகரங்களுக்கும் இடையே அகன்ற நீர்ப்பரப்பு உண்டு. அதனைக் கடக்கும் நெடுஞ்சாலை ஓரிடத்தில் பாலமாகவும், ஓரிடத்தில் நீரின் அடியிற் செல்லும் சுரங்கமாகவும் அமைந்துள்ளது. அன்று அச்சுரங்கத்தின் வாயிலில் ஒரு மணி நேரத்திற்கு மேலாக வாகனங்கள் அசையாது நின்றன. மாமா அதனைச் சபித்தார். நாள்தோறும் இவ்வாறுதான் என்றார். இதனைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருப்பதால் இங்கு குறித்து வைக்கின்றேன்.

ஹாபர் பார்க் என்னும் அம்மைதானம் எலிசபெத் ஆற்றங்கரையில் உள்ளது. 1993 இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 12,000 பேர் அமரத்தக்கது. நோர்போக் ரைட்ஸ் என்னும் அணியின் தாயகம் அதுவே. அவ்வணி முதல்தரக் கழகங்களுக்கு ஒருபடி கீழான தரத்தைச் சேர்ந்தது. நம் நாட்டு எல்லே விளையாட்டை அறிந்தவர்களுக்குப் பேஸ்போல் அத்துணை அந்நியமானதன்று. ஒருவன் பந்தை எறிகிறான். ஒருவன் அதனை அடித்துவிட்டுத் தளத்திலிருந்து தளத்திற்கு ஓடுகிறான். சுற்றி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். பக்கத்திற்கு ஒன்பது பேர், ஒன்பது சுற்றுக்கள், மூவர் ஆட்டமிழந்ததும் பக்கங்கள் மாறும். பத்து முறை களமிறங்கி மூன்று முறை வெற்றிகரமாக அடிப்பவன் அங்கே சிறந்த வீரனாகக் கருதப்படுகின்றான். ஏழு முறை தோற்பவனைப் போற்றும் விளையாட்டு என்ற வகையில் அதில் ஒருவகைப் பெருந்தன்மை இருப்பதாக எனக்குத் தோன்றியது.

என்னை வியப்பிலாழ்த்தியது ஆட்டமன்று. ஆட்டத்தைப் பார்த்தோரின் ஈடுபாடே. எமக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் மடியில் ஒரு பதிவேட்டை வைத்துக்கொண்டு, எறியப்பட்ட ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். அவரை எவரும் அப்பணிக்கு நியமிக்கவில்லை. மாமாவோ களமிறங்கிய ஒவ்வொருவனதும் சராசரியை ஆயிரத்தின் பின்னமாகக் கூறினார். யார் எந்த ஊரிலிருந்து வந்தவன், யார் அடுத்த மாதம் மேல்தர அணிக்கு அழைக்கப்படுவான் என்பதையும் விளக்கினார். ஏழாம் சுற்றின் நடுவில் வழக்கம்போல் மக்கள் அனைவரும் எழுந்து நின்று ஒரே பாட்டைப் பாடினர். தான் ஒருவன் எழாவிட்டால் என்ன குறைந்துவிடும் என எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. அன்று ரைட்ஸ் அணி தோற்றது. ஆயினும் இறுதிப் பந்து வரையில் பெரும்பாலானோர் எழுந்து செல்லவில்லை.

திரும்பும் வழியில், அவ்வாண்டு நவம்பரில் வேர்ஜீனியாவின் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடைபெறவிருந்ததை வீதியோரப் பதாகைகளால் அறிந்து, மாமாவின் தொகுதியின் உறுப்பினர் யார் என வினவினேன். மாமாவிற்குத் தெரியவில்லை. வாக்களிப்பதுண்டா என்றேன். "ஜனாதிபதி எலக்‌ஷனுக்குப் போடுவன், தம்பி. இதுகளுக்கு ஆர் போறது? ஆர் வந்தாலும் ஒண்டுதான்" என்றார்.

அவரைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவர் வரி செலுத்துபவர், சட்டத்தை மதிப்பவர், அயலாரின் துன்பத்திற் பங்குகொள்பவர். அத்தகைய ஒருவர் அவ்வாறு கூறினார் என்பதே இங்கு சிந்தனைக்குரியது. அன்றியும் அவர் தனித்தவரும் அல்லர். ஐக்கிய அமெரிக்காவில் 2020 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கும் தகுதியுடையோரில் ஏறத்தாழ 66 வீதத்தினர் வாக்களித்தனர். ஜனாதிபதி தெரிவுசெய்யப்படாத 2014 ஆம் ஆண்டுத் தேர்தலிலோ ஏறத்தாழ 36 வீதத்தினரே வாக்களித்தனர். உலகப் போர் நடைபெற்ற 1942 இற்குப் பின்னர் அதுவே மிகக் குறைந்த அளவாகும். வேர்ஜீனியா, நியூ ஜேர்சி போன்ற சில மாநிலங்கள் தம் தேர்தல்களை ஒற்றைப்படை ஆண்டுகளில், தேசியத் தேர்தலின் ஆரவாரம் சிறிதும் இல்லாத காலத்தில் நடத்துகின்றன. 2017 இல் நியூ ஜேர்சியின் ஆளுநரைத் தெரிவுசெய்ய வந்தோர் பதிவு பெற்ற வாக்காளரில் ஏறத்தாழ 39 வீதத்தினர் மட்டுமே.

மாநில அரசு செய்வன அற்பமானவை என்பதால் மக்கள் புறக்கணிக்கின்றனரா? அவ்வாறன்று. பாடசாலைகள், நெடுஞ்சாலைகள், குற்றவியற் சட்டத்தின் பெரும்பகுதி, சிறைகள், தேர்தல் நடத்தும் முறை ஆகிய யாவும் அங்கே மாநிலத்தின் பொறுப்பிலேயே உள்ளன. மாமாவை ஒரு மணி நேரம் காக்கவைத்த சுரங்கப்பாதையும் மாநிலத்திற்கு உரியதே. அதனை அகலமாக்கும் பணி 2020 இல் தொடங்கியது. அத்தகைய பணிகளுக்கு எந்த வரியிலிருந்து எவ்வளவு ஒதுக்குவது என்பதைத் தீர்மானிப்போர், "ஆர் வந்தாலும் ஒண்டுதான்" என அவரால் ஒதுக்கப்பட்ட அதே உறுப்பினர்களே. சபித்த வாய்க்கும் வாக்களியாத கைக்கும் இடையே ஒரு தொடர்பு இருப்பதை அவர் உணரவில்லை.

நிற்க. வாக்களியாமைக்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயத்தை அதன் முழு வலிமையுடனும் எடுத்து நோக்குதல் வேண்டும். அமெரிக்கப் பொருளியலறிஞர் அன்ரனி டவுன்ஸ் 1957 இல் வெளியிட்ட மக்களாட்சியின் பொருளியற் கோட்பாடு பற்றிய நூலில் அதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். ஒருவன் தனது தனியொரு வாக்கினால் முடிவு மாறும் என எதிர்பார்க்கக்கூடிய வாய்ப்பு மிகமிகச் சிறியது. வாக்களிப்பதற்கோ நேரம் வேண்டும். அதற்கு முன் வேட்பாளரை அறிந்துகொள்ள மேலும் நேரம் வேண்டும். செலவு உறுதி, பயன் ஐயம். எனவே தன்னலத்தைக் கணக்கிட்டு நடப்பவன் வீட்டில் இருத்தலே அறிவுடைமை. இக்கணக்கில் பிழை காண்பது எளிதன்று.

ஆயினும் ஹாபர் பார்க் மைதானத்தை இக்கணக்கின் முன் நிறுத்திப் பார்ப்போம். ஆயிரக்கணக்கானோரின் நடுவே ஒருவன் எழுப்பும் கூச்சல் ஆட்டத்தின் முடிவை மாற்றுவதில்லை. அவனோ நுழைவுச்சீட்டு வாங்குகிறான்; நெரிசலில் காத்திருக்கிறான்; மூன்று மணி நேரம் அமர்கிறான்; பல மாதங்கள் செலவிட்டு வீரர்களின் எண்களை மனனம் செய்கிறான். விளைவை மாற்ற இயலாமை அவனைத் தடுக்கவில்லை. ஆகவே, "என் வாக்கினால் எதுவும் மாறாது" என்பது வாக்களியாமைக்கு அவன் கூறும் காரணமாயின், அது முழுமையான காரணமாக இருத்தல் இயலாது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். மைதானத்திற்குச் செல்பவன் விளைவை நாடிச் செல்லவில்லை. இன்பத்தை நாடிச் செல்கிறான். வாக்களிப்பதில் இன்பமில்லை, ஆதலால் ஒப்புமை பொருந்தாது என்பர். இம்மறுப்பு நேர்மையானது, நான் இதனை ஏற்கின்றேன். ஆனால் ஏற்றபின் இன்னொன்றையும் ஏற்க வேண்டியவர்களாகின்றோம். ஜனாதிபதித் தேர்தலுக்குச் செல்லும் அதே மனிதர் சட்டமன்றத் தேர்தலுக்குச் செல்லாமைக்குக் காரணம் என்ன? டவுன்ஸின் கணக்கின்படி நோக்கின், கோடிக்கணக்கானோர் வாக்களிக்கும் தேர்தலிலேயே தனியொரு வாக்கின் மதிப்பு மிகக் குறைவு. சில ஆயிரம் பேர் வாக்களிக்கும் மாநிலத் தொகுதியில் அது பன்மடங்கு அதிகம். கணக்கிட்டு நடப்பவனாயின் அவன் பெரியதை விட்டுச் சிறியதற்கே செல்லவேண்டும். நடைமுறையோ நேர்மாறாக உள்ளது. காரணம் வெளிப்படையானது. பெரிய தேர்தல் ஒரு காட்சி. அதற்கு நாயகர்கள் உண்டு, எதிர்நாயகர்கள் உண்டு, இரவு முழுவதும் விழித்திருந்து பார்க்கத்தக்க முடிவும் உண்டு. மாநிலத் தேர்தல் காட்சியன்று. அங்கே பாடசாலைக் கூரையும் வடிகாலும் மருத்துவமனைக் கட்டிலுமே பேசப்படுகின்றன. ஆகவே மக்கள் அரசியலில் அக்கறையற்றவர்கள் என்பதிலும், அரசியலையும் பார்வையாளராக இருந்தே நுகரப் பழகிவிட்டனர் என்பதே உண்மைக்கு நெருங்கியது.

இங்குதான் மைதானத்திற்கும் ஆட்சிக்கும் உள்ள வேறுபாடு தலையெடுக்கின்றது. ரைட்ஸ் அணி தோற்றால் மாமாவின் வாழ்வில் எதுவும் மாறுவதில்லை. மறுநாள் அவர் வழக்கம்போல் வேலைக்குச் செல்வார். ஆட்டத்தின் இன்பமே அதிலுள்ளது: தோல்வியும் நம்மைத் தொடாது. சட்டமன்றத்தின் முடிவோ பார்ப்பவனையும் பாராதவனையும் ஒருங்கே தொடுகின்றது. குடிமகன் என்பவன் தீர்ப்பளிப்பதிலும் ஆள்வதிலும் பங்குகொள்பவன் என அரிஸ்ரோட்டில் வரையறுத்தார். ஆள்வதும் ஆளப்படுவதும் முறைமாறி வருதலை அவர் குடிமையின் இயல்பாகக் கொண்டார். பேஸ்போலில் அடிப்போரும் தடுப்போரும் இடம்மாறுவதைப் போன்றது அது. தன் முறை வந்தும் களமிறங்காதவன் பார்வையாளன் ஆகிவிடுவதில்லை. ஆளப்படுதல் என்னும் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டவனாகவே அவன் எஞ்சுகின்றான்.

நியூபோர்ட் நியூஸ் நகரிலே இது வெறும் தத்துவமாக இருக்கவில்லை. 2017 நவம்பர் 7 ஆம் திகதி வேர்ஜீனியாவின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. அச்சபையின் 94 ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த டேவிட் யான்சியும் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஷெலி சைமண்ட்சும் போட்டியிட்டனர். முதலெண்ணிக்கையில் யான்சி பத்து வாக்குகளால் முன்னின்றார். டிசெம்பரில் மீளவும் எண்ணியபோது சைமண்ட்ஸ் ஒரேயொரு வாக்கினால் வென்றார். மறுநாள், ஐயத்திற்குரியதென ஒதுக்கப்பட்டிருந்த வாக்குச்சீட்டு ஒன்றை நீதிபதிகள் மூவர் ஆராய்ந்து, அது யான்சிக்கு உரியதெனத் தீர்ப்பளித்தனர். இருவரும் 11,608 வாக்குகள் பெற்றுச் சமநிலையடைந்தனர். 2018 ஜனவரி 4 ஆம் திகதி, தலைநகர் ரிச்மண்டில், இருவரது பெயர்களும் தனித்தனியே படச்சுருள் குப்பிகளுள் இடப்பட்டு, ஒரு மட்பாண்டக் கிண்ணத்தினுள் வைக்கப்பட்டன. ஒரு கை உள்ளே சென்று ஒரு குப்பியை எடுத்தது. யான்சியின் பெயர் வந்தது. அதனால் 50 இற்கு 50 என அமைந்திருக்கக்கூடிய சபை 51 இற்கு 49 எனக் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையுடன் அமைந்தது.

மாமாவின் வீடு அன்று அந்த 94 ஆம் தொகுதியிலேயே இருந்தது. இச்செய்தியை அவர் அறிவார். அயலில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்களாம். நவம்பர் 7 ஆம் திகதி நீங்கள் சென்றீர்களா எனக் கேட்டேன். வேலை முடிந்து வரத் தாமதமாகிவிட்டது என்றார். சற்று நேரம் வாகனத்தைச் செலுத்தியபின், அதற்கு ஒரு வாரத்தின் முன்னர் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை நள்ளிரவு வரை விழித்திருந்து பார்த்ததாகத் தாமாகவே கூறினார். யாருக்கு வாக்களித்திருப்பார் என நான் கேட்கவில்லை. அது எனது வினாவும் அன்று.

குலுக்கலால் உறுப்பினரைத் தெரிவுசெய்தல் தமிழருக்குப் புதிய செய்தியன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஆயினும் இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. உத்தரமேரூர்ச் சபையார் தகுதியுடையோர் இன்னாரென முதலில் விதித்து, தாமே விரும்பிக் குடத்தை நாடினர். வேர்ஜீனியாவில் மக்கள் குடத்தை நாடவில்லை. வீட்டில் இருந்தோரின் தொகை அவர்களைக் குடத்தினிடம் கொண்டுசென்று சேர்த்தது. எவருடைய விருப்பமும் அல்லாத ஒன்று எல்லோருக்குமான முடிவாயிற்று.

ஆயின், "பார்த்தீர்களா, ஒரு வாக்கு எத்துணைப் பெரியது" என இவ்விடத்தில் முடித்துவிடுதல் எளிது. ஆனால் அது சரியான வாதமாகாது. இத்தகைய சமநிலை மிக அரிது. கிண்ணமே கடமைக்கு ஆதாரமாயின், கிண்ணம் வராத ஆண்டுகளிலெல்லாம் கடமையும் இல்லையென்றாகிவிடும். ஆகையால் கடமையின் அடிப்படையை வேறிடத்தில் தேடுதல் வேண்டும்.

நம் வன்னிக் குளங்களை நினைத்துப் பார்க்கலாம். மாரிக்கு முன்னர் குளக்கட்டை உயர்த்த ஊரார் அனைவரும் மண் சுமக்கின்றனர். ஒருவன் கொட்டும் ஒரு கூடை மண்ணால் கட்டு நிற்பதில்லை. அவன் கொட்டாமையால் கட்டு உடைவதுமில்லை. ஆயினும் அவன் நிழலில் இருந்துவிட்டுத் தன் வயலுக்கு மட்டும் நீர் திறப்பானாயின், அவன் தவறு செய்தவன் என்பதில் ஊராருக்கு ஐயம் எழுவதில்லை. அவன் குளத்தை உடைத்தான் என்று அவர்கள் கூறார். பிறர் சுமையில் வாழ்ந்தான் என்றே கூறுவர். ஆங்கில மெய்யியலாளர் டெரிக் பார்பிட் 1984 இல் வெளியிட்ட நூலில், நம் செயலின் விளைவு தனித்து நோக்குகையில் புலப்படாத அளவு சிறியதாகையால் அது அறவியலில் பொருட்டன்று எனக் கருதுவதை ஒழுக்கக் கணக்கீட்டின் பிழைகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார். பலர் கூடிச் செய்வதில் தனக்குரிய பங்கு என்ன என்பதையே ஒருவன் வினவுதல் வேண்டும். தான் மட்டும் செய்தால் என்ன ஆகும் என்பது அங்கே பொருந்தாத வினா.

வேர்ஜீனியாவில் அவ்வாறு பலர் கூடிச் செய்தது யாது என்பதும் நோக்கற்பாலது. 2017 இற்கு முன் அச்சபையில் ஆசனங்கள் 66 இற்கு 34 என இருந்தன. வறியோருக்கான மெடிக்கெயிட் மருத்துவக் காப்பை விரிவாக்கும் முயற்சியைச் சபை பல ஆண்டுகளாக நிராகரித்து வந்தது. 2017 இல் முன்னையிலும் அதிகமானோர் வாக்களிக்க வந்தனர்; பெரும்பான்மை 51 இற்கு 49 ஆகச் சுருங்கியது. 2018 இல் அதே சபை, இரு கட்சியினரதும் வாக்குகளால், அவ்விரிவாக்கத்தை நிறைவேற்றியது. 2019 ஜனவரி முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தபோது, ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அதற்குத் தகுதி பெற்றனர். அம்மாற்றத்தை நல்லதென்பாரும் அல்லதென்பாரும் உளர். எவ்வாறாயினும், யார் வந்தாலும் ஒன்றுதான் என்னும் கூற்று அந்த 4 இலட்சம் பேரைப் பொறுத்தவரை உண்மையன்று.

மற்றுமொரு எதிர்வாதமும் உண்டு. அறியாமல் அளிக்கும் வாக்குப் பிறருக்குத் தீங்கு; ஆகவே அறியாதோர் விலகியிருத்தலே அறம் என ஜேசன் பிறென்னன் 2011 இல் வாக்களித்தலின் அறவியல் பற்றிய நூலில் வாதிட்டார். இவ்வாதத்தில் உண்மை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு இடும் புள்ளடி எவருக்கும் செய்யும் உபகாரமன்று. ஆனால் அறியாமை பிறவிக்குணமன்று. களமிறங்கும் ஒவ்வொரு வீரனதும் சராசரியை ஆயிரத்தின் பின்னமாக நினைவில் வைத்திருக்கும் ஒருவரால் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பெயரை அறிந்துகொள்ள இயலாதென யார் ஒப்புவர்? அறியாதவன் வாக்களிக்கலாகாது என்பது உண்மையாயின், அறிய இயன்றவன் அறியாதிருத்தலாகாது என்பதும் உண்மையாகும். வாக்களிக்கும் கடமைக்கு முந்தியது அறியும் கடமை. அதனைச் செய்யாதவன் முதற்பிழையைக் காட்டி இரண்டாவதற்கு மன்னிப்புக் கேட்கலாகாது.

அவ்வாறாயின் வாக்களியாதோர் அனைவரும் குற்றவாளிகளா? அல்லர். மூவகையினரைப் பிரித்தறிதல் வேண்டும். வரவிடாது தடுக்கப்பட்டோர் முதல் வகையினர். தேர்தல் நாள் அங்கே செவ்வாய்க்கிழமை. நாட்கூலிக்கு உழைப்பவனுக்கு அன்றைய ஊதியமும் ஒரு தடையே. அவனைப் பழித்தல் அறமன்று. ஆய்ந்து மறுத்தோர் இரண்டாம் வகையினர். 1931 இல் இலங்கையின் முதலாவது அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது; வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அது சரியா தவறா என்பது இன்றும் விவாதிக்கப்படுகின்றது. விவாதிக்க முடிகின்றதென்பதே அது அசட்டை அன்று என்பதற்குச் சான்று. அவர்கள் காரணத்தை வெளிப்படக் கூறினர், விளைவையும் ஏற்றனர். காரணமும் கூறாது, விளைவையும் தனதென ஏற்காது, வெறுமனே வராதிருந்தோரே மூன்றாம் வகையினர். அறவியல் விசாரணைக்கு உரியோர் இவர்களே.

அவுஸ்திரேலியா 1924 இல் வாக்களிப்பைச் சட்டத்தாற் கட்டாயமாக்கியது. அதற்கு முந்திய 1922 ஆம் ஆண்டுத் தேர்தலில் 60 வீதத்திற்கும் குறைவாக இருந்த வருகை, அதன்பின் 90 வீதத்தைக் கடந்தது. சட்டம் காலைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் மனத்தைக் கொண்டுவருதல் அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. ஆகவே சட்டத்தின் பயனை மறுக்காமலே, கடமையுணர்வு வேறோர் ஊற்றிலிருந்து பிறத்தல் வேண்டும் எனக் கருதுகின்றேன். அவ்வூற்றுக்களுள் ஒன்று, இவ்வுரிமை எவ்வாறு கிடைத்தது என்பதை அறிதலாகும்.

நாங்கள் ஆட்டம் பார்த்த நோர்போக் நகரிலே ஈவ்லின் பட்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி வாழ்ந்தார். அவர் தையல் தொழிலாளி. வேர்ஜீனியாவில் வாக்களிக்க விரும்புவோர் ஆண்டிற்கு ஒன்றரை டொலர் தலைவரி செலுத்தவேண்டும்; அதுவும் முந்திய மூன்று ஆண்டுகளுக்கும், தேர்தலுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே செலுத்தியிருத்தல் வேண்டும். கறுப்பினத்தவரையும் வறிய வெள்ளையரையும் வாக்குச்சாவடியிலிருந்து அகற்றுவதற்கென்றே 1902 ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு அதனை விதித்திருந்தது. 1964 இல் நிறைவேறிய 24 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அவ்வரியை நீக்கியது; ஆனால் மத்திய அரசின் தேர்தல்களுக்கு மட்டுமே. மாநிலத் தேர்தல்களுக்கு அது தொடர்ந்து அறவிடப்பட்டது. 1963 இலேயே ஈவ்லின் பட்ஸ் அவ்வரிக்கு எதிராக வழக்குத் தொடுத்திருந்தார். அவரது வழக்கும் ஹாப்பர் என்பவரின் வழக்கும் ஒன்றாக விசாரிக்கப்பட்டு, 1966 மார்ச் 24 ஆம் திகதி, மாநிலத் தேர்தல்களிலும் அவ்வரி செல்லாதென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதன் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஜனாதிபதியைத் தெரிவுசெய்யும் உரிமை வரியின்றிக் கிடைத்தபின்பும் அப்பெண்மணியின் வழக்கு ஓயவில்லை. அது இறுதியாக வென்றுதந்தது மாநிலத் தேர்தலில் வரியின்றி வாக்களிக்கும் உரிமையை. மாமா போன்றோர் "இதுகளுக்கு ஆர் போறது" எனக் கைவிட்ட அதே வாக்கினை. பாடசாலையும் வீதியும் சிறையும் எங்கே தீர்மானிக்கப்படுகின்றன என்பதை அத்தையல் தொழிலாளி நன்கறிந்திருந்தார். அவரை விலக்கிவைத்தோரும் அதனை அறிந்திருந்தனர். பயனற்ற ஒன்றைத் தடுப்பதற்கு எவரும் அரசியலமைப்பை எழுதுவதில்லை.

இவ்வரலாற்றை நான் மாமாவிடம் கூறியபோது அவர் எதிர்பாராத ஒரு வினாவை என்னிடம் தொடுத்தார்: "நீ எத்தினை தரம் மாகாண சபைக்குப் போட்டிருக்கிறாய்?" எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. வடமாகாண சபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடைபெற்ற 2013 இல் நான் சிறுவன். அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. ஐந்து ஆண்டுகள் ஆகவிருந்த அந்நாளிலும் அடுத்த தேர்தல் நடைபெற்றிருக்கவில்லை. "ஒருதரமும் இல்லை, வைக்கேல்லை" என்றேன். இருவரும் நகைத்தோம். ஆனால் அந்நகைப்பின் பின்னர் வாகனத்தில் அமைதி நிலவியது. வாக்கிருந்தும் போகாதவர் ஒருவர். போவதற்கு வாக்கில்லாதவன் ஒருவன். வெளியிலிருந்து எண்ணுவோருக்கு இருவரும் ஒன்றே. வாக்களியாதோர் பட்டியலில் இருவரும் அருகருகே நிற்போம். எனது நிலை எனக்கு இழைக்கப்பட்ட குறை. அவரது நிலை அவரே தமக்கு இழைத்துக்கொண்டது. நீண்டகாலம் பயன்படுத்தப்படாத உரிமை பறிக்கப்படும்போது, அதற்காகக் குரலெழுப்பப் பழகியோர் எவரும் எஞ்சியிருப்பதில்லை என்பதே இவ்விரு நிலைகளையும் இணைக்கும் உண்மையாக எனக்குப் புலப்பட்டது.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். வாக்களியாதவன் தேர்தலின் முடிவுக்குத் தனித்துப் பொறுப்பாளி அல்லன். ஆகவே அவன் விளைவால் குற்றவாளி ஆவதில்லை. அவனது தவறு இரண்டு. பிறர் சுமக்கும் சுமையின் பயனை நுகர்ந்து தன் பங்கை விட்டுவிடுதல் ஒன்று. தன்மீது ஆடப்படும் ஆட்டத்தைத் தான் பார்த்துக்கொண்டிருப்பதாக மயங்குதல் மற்றொன்று. முதலாவது பிறருக்கு இழைப்பது. இரண்டாவது தனக்கே இழைப்பது. இவற்றிற்காக அவன் மைதானத்தைத் துறக்கவேண்டும் என்பதில்லை. பதிவேட்டுடன் அமர்ந்திருந்த அம்முதியவரின் கூர்மையிலும் பொறுமையிலும் ஒரு சிறு பங்கினைச் சட்டமன்றத்தின்பால் திருப்பினாலே போதுமானது. கவனிக்கும் ஆற்றல் மக்களிடம் இல்லை என எவரும் கூறமுடியாது. அது எதன்மீது செலுத்தத்தக்கது என்னும் தீர்ப்பே குறைவாக உள்ளது. தீர்ப்புக் குறைவதும் அறத்தின் குறைவேயாகும்.

அவ்வாண்டு ரைட்ஸ் அணி தனது தரத்தின் தேசிய வெற்றிக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. நவம்பர் 7 ஆம் திகதி வேர்ஜீனியாவில் தேர்தல் நடைபெற்றது. பதிவு பெற்றோரில் ஏறத்தாழ 40 வீதத்தினர் வாக்களித்தனர். பிரதிநிதிகள் சபை இம்முறை ஜனநாயகக் கட்சியினருக்கு 51 இற்கு 49 என அமைந்தது. அடுத்த வாரம் அம்மாவுடன் பேசத் தொலைபேசியில் அழைத்த மாமா, என்னையும் அழைக்குமாறு கூறினார். தாம் வாக்களித்ததாகத் தெரிவித்தார். வேட்பாளர் இருவரைப் பற்றியும் படித்தாராம். நேரம் அதிகம் சென்றதா எனக் கேட்டேன்.

"இல்லைத் தம்பி, வரிசையே இல்லை" என்றார்.

ஹாபர் பார்க்கில் கச்சான் வாங்குவதற்கு நாங்கள் நின்ற வரிசை எனக்கு நினைவிற்கு வந்தது. அவர் சென்றதை எண்ணி மகிழ்ந்தேன். வரிசை இல்லாமையை எண்ணி மகிழ இயலவில்லை.